ஏட்டில் மட்டும் இருக்கும் உடற்கல்வி: கல்முனைப் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டியவை

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில், பாடசாலை செல்லும் ஆண் பிள்ளைகள் பலர் உடற்கல்வியின் பெயரால் இரண்டு அநீதிகளுக்கு ஆளாகின்றனர். ஆண்டு முழுவதும் நேரசூசியிலுள்ள உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ எடுத்துக்கொள்ளப்படுகிறது. பின்னர் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியதும், மாதக்கணக்கில் ஓடிப் பழகாத அதே மாணவன் தார் வீதியில் பல கிலோமீற்றர் ஓட அனுப்பப்படுகிறான். முதலாவதைப் பிள்ளையின் பெறுபேற்றுக்கு நல்லதென்று நினைத்துப் பெற்றோர் மௌனமாயிருக்கின்றனர். இரண்டாவதை வீதியோரம் நின்று கைதட்டி வரவேற்கின்றனர்.

2024 மார்ச்சில் இதே மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் உயிரிழந்தான்; வைத்தியசாலையின் முன் மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தனர். அத்தகைய துயருக்குப் பின்னரும், ஓட்டத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கும் பெற்றோர் அரிதாகவே உள்ளனர்.

உடற்கல்வியின் பயன் பதக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாட்களாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்நிறுவனத்தின் ஆய்வுப்படி 2016இல் உலகின் 11 முதல் 17 வயதினரில் ஏறத்தாழ 81 சதவீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. வளரிளம் பருவத்தில் சேரும் எலும்பின் உறுதி பிற்காலத்தில் அதே அளவுக்குச் சேர்வதில்லை. இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எளிதில் உள்வாங்குவதால், நீரிழிவுக்கு எதிராக உடற்பயிற்சி முக்கியமான முற்காப்பாகும். பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்புக்கும் பின்னர் கைத்தொலைபேசிக்கும் போகும் மாணவனுக்கு, உடற்கல்விப் பாடவேளை தவிர வேறு விளையாட்டு நேரம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாகவே கூறுகிறது.

ஆகவே பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் நேரசூசியையே ஆகும். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ பாடத்துக்குரிய வேளைகள் தொடர்ந்து நடைபெறாவிடின், திகதியும் வகுப்பும் குறிப்பிட்டு அதிபருக்குக் கடிதம் எழுதி, அதன் பிரதியில் பாடசாலை முத்திரையையும் திகதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வாயிலில் நின்று வாய்மொழியாகச் சொன்ன முறைப்பாடு முறைப்பாடாகாது. பதில் வராவிடின், மாகாணப் பாடசாலையாயின் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதியிட்டும் எழுத வேண்டும். 1949இல் தொடங்கப்பட்ட கல்முனை சாஹிராக் கல்லூரியைப் போன்ற தேசியப் பாடசாலையாயின், நிர்வாகம் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவதால், பத்தரமுல்லை இசுருபாயவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் தவறான அலுவலகத்தில் கொடுத்த கடிதங்கள் கோப்புகளுக்குள் உறங்குகின்றன. அவற்றை உரிய இடத்துக்கு அனுப்பும் சிரமத்தைக்கூடச் சில அலுவலர்கள் ஏற்பதில்லை.

அலுவலகம் மௌனம் சாதித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் நேரசூசி, உடற்கல்வி ஆசிரியர் வெற்றிடம் ஆகியவற்றின் விபரத்தைக் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது மேன்முறையீட்டைக் கேட்கும் அலுவலருக்கு, மேன்முறையீடு செய்ய வேண்டும். இங்கும் ஒப்புகைச் சீட்டின்றி வீடு திரும்பக் கூடாது.

ஓட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை இதனினும் அவசரமானவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாக 1, 4, 7, 10ஆம் தரங்களுக்கே நடைபெறுவதால், 9ஆம் தர மாணவன் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கலாம். பரிசோதனை நாளன்று அவன் பாடசாலைக்கு வராதிருந்திருந்தால் பரிசோதிக்கப்படாமலே இருக்கலாம். ஓடும்போது மயங்கியவன், நெஞ்சு வலி சொன்னவன், ஆஸ்துமா உள்ளவன், குடும்பத்தில் 50 வயதுக்கு முன் திடீரென இறந்தவர் உள்ளவன் ஆகியோர் மருத்துவரின் எழுத்துச் சான்றின்றி ஓடக் கூடாது. இத்தகைய நிலையை மறைத்துப் பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடுவது பெருந்தவறு. கடிதத்தில் ஓட்டத்தின் தூரம், தொடங்கும் நேரம், தண்ணீர் வழங்கும் இடங்கள், முதலுதவியாளர் ஆகிய விபரங்கள் இல்லையெனில் அதில் கையொப்பமிடவே கூடாது.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறை தனியே வழங்கப்படுவதால், விடுமுறைக்கு முன் போட்டிகளை அவசரமாக நடத்தி முடிக்கும் வழக்கம் ஆபத்தானது. வெயிலில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் படிப்படியான பயிற்சி தேவை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுத்த நாளில் ஓட்டத்தை ஒத்திவைப்பது அதிபரின் கடமை. அதைக் கேட்டு வற்புறுத்துவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடமை.

ஓடும் மாணவன் தடுமாறினால், பேச்சுக் குழறினால், உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்காக, அதாவது உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும் உயிராபத்தான நிலையாக இருக்கக்கூடும். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்பியுலன்ஸை அழைக்க வேண்டும். மயங்கியவனின் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. சுற்றிக் கூடி நின்று காற்றை மறைக்கவும் கூடாது. மூச்சு நின்றிருந்தால் நீர் ஊற்றுவதில் நேரம் கழிக்காமல் நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால், அன்றே அது பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியப்பட்டதா என்று பெற்றோர் நேரில் பார்க்க வேண்டும். வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையையும் பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதிகளையும் பத்திரப்படுத்தி, ‘சுரக்ஷா’ மாணவர் காப்புறுதியின் அவ்வாண்டு நிபந்தனைகளை அதிபரிடம் கேட்டு, தாமதமின்றி விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகளின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர், சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் வழக்கிடுவதற்கும் அதே ஒரு மாதமே கெடு என்பதால், பிள்ளை இறந்த வீட்டில் நாற்பதாம் நாள் கத்தம் முடியட்டும் என்று காத்திருப்போர் அவ்வழியை இழந்துவிடுகின்றனர்.