எண்ணெய்த் தோணியில் 14 நாட்கள்

"தலையை வாரி முடிந்துகொள்ளக்கூடக் கை எழும்பவில்லையே! இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?" என்று என் மாமியார் அலுத்துக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதமாகிவிட்டது. வலது கை தோளுக்கு மேலே போகாது. முதுகுப் பக்கமும் திரும்பாது. ரவிக்கைக்குள் கையை நுழைப்பது தினசரி யுத்தம். நான்தான் தலை வாரிவிட்டேன். மாமியாருக்கு மருமகள் தலை வாருவதில் இரண்டு பேருக்கும் எத்தனை சங்கடம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "எலும்பில் கோளாறு இல்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப் போயிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது சகஜம். நாளடைவில் தானாகவே இளகும். ஆனால் ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். அப்பியாசத்தை மட்டும் விடாதீர்கள்" என்றார். அத்தைக்கோ அப்பியாசம் என்றாலே கண்ணில் நீர் வந்துவிடும். கேரளத்துக்குப் போய் எண்ணெய் உழிச்சல் செய்துகொள்ளலாமா என்று கேட்டோம். "தாராளமாக. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்" என்று சிரித்தார்.

அப்போது ஆடி மாதம். மலையாளத்தாருக்கு அது கர்க்கடகம். மழை கொட்டுகிற அந்த மாதந்தான் உடம்பைச் செப்பனிட உகந்தது என்று அங்கே கணக்கு. பி. எஸ். வாரியர் 1902-ல் கோட்டக்கல்லில் தொடங்கிய ஆரிய வைத்தியசாலையின் பெயர் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். நாங்கள் போனது அங்கே அல்ல. பாலக்காட்டுப் பக்கம், ஓடு வேய்ந்த ஒரு சின்ன வைத்தியசாலை.

போனவுடனே எண்ணெயும் கையுமாக வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் வைத்தியர். அவர் ஓர் இளம் பெண்; ஐந்தரை வருஷம் படித்து பி.ஏ.எம்.எஸ். பட்டம் வாங்கியவர். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். என்னென்ன மாத்திரை? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவதுண்டா? விழுந்ததுண்டா? எலும்பு தேய்மானம் உண்டா? தோலில் புண், படை? பழைய ஆபரேஷன்? நாடி பார்த்தார், ரத்த அழுத்தமும் பார்த்தார். "அபபாஹுகம்" என்று எங்கள் தோள் வலிக்கு ஒரு சமஸ்கிருதப் பெயரும் சூட்டினார். முதல் மூன்று நாள் சாதாரண உழிச்சல், பிறகு ஏழு நாள் பிழிச்சல், கடைசி நான்கு நாள் ஞவரக்கிழி என்று எழுதிக் கொடுத்தார். உங்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காமலே கட்டிலில் படுக்கச் சொல்கிற இடமாயிருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

மறுநாள் காலையில்தான் சோதனை வந்தது. சிகிச்சை அறையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஸ்திரீகளுக்கு ஸ்திரீகளே; முறையான வைத்தியசாலைகளில் அதுதான் வழக்கம். அதுவரையில் சரி. அவர்களில் மூத்தவள் மெல்லிய துணி ஒன்றை நீட்டினாள். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"அம்மே, இதுதான் கட்டிக்கணும். மற்றதெல்லாம் கழற்றி வைக்கணும்."

கோவணம்! அறுபத்தெட்டு வயசில் தமக்கு இப்படி ஒரு பரீட்சை வருமென்று அத்தை நினைத்ததே இல்லை. "பெட்டியைக் கட்டடி, போகலாம்" என்று என் பக்கம் திரும்பினார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் சிரிக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. "பேடிக்கண்டா அம்மே. இன்னிக்குப் பாவாடை கட்டிக்கோங்க. தோள் மட்டும் பார்க்கிறேன். உங்க மருமகள் இங்கேயே உட்காரட்டும்" என்றாள். கதவை உள்பக்கம் தாழிட்டாள். தன் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, வெறுங்கையைக் காட்டினாள். அத்தை பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் பாவாடை தானாகவே போய்விட்டது, யாரும் கேட்கவில்லை.

சகோதரிகளே, இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூச்சத்தினால் போகாமலே வலியைச் சகித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எதைக் கழற்றுவது, எதை மூடிக்கொள்வது, யார் அறையில் இருப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்கலாம். நடுவில் "போதும்" என்றால் கை நிற்க வேண்டும். இது அவர்கள் காட்டும் தயவல்ல, உங்கள் உரிமை.

உழிச்சல் என்றால் பலமாகப் பிசைவது என்று எண்ணியிருந்த எனக்கு ஏமாற்றம். உச்சியில் எண்ணெய் வைத்து, காதுமடல், பிடரி என்று இறங்கினார்கள். தலை, காது, பாதம் இந்த மூன்றுக்கும் எண்ணெய் முக்கியம் என்று வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' சொல்கிறதாம். தீபாவளியன்று பாட்டி செய்ததும் ஏறக்குறைய அதுதானே! பிறகு மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற என்று படுக்கவைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று ஒரே தாளத்தில் கைகளை ஓட்டினார்கள். நீளமான எலும்பின் மேல் நீளமாக. மூட்டு வந்தால் வட்டமாக. "வலிக்கிறதா?" என்று அடிக்கடி கேட்டார்கள். அத்தை "இல்லை" என்று பல்லைக் கடித்தார். நான்தான் காட்டிக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னால்தானே கை இளகும்?

நான்காம் நாள் பிழிச்சல். ஒற்றை மரத்தில் குடைந்த எண்ணெய்த் தோணி ஒன்று. படகு மாதிரி விளிம்பு கட்டியது. அதில் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தைலத்தில் துணியைத் தோய்த்துத் தோய்த்துப் பிழிகிறார்கள். ஒரு கை பிழிய, மறு கை தேய்க்கும். வழிந்த தைலம் தோணியிலிருந்து பாத்திரத்தில் இறங்கி, மறுபடி சூடேறி வரும். சூடு குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அதற்கென்றே ஒருத்தி அடுப்பருகில் இருந்தாள். ஒரு மணி நேரம்! முடிந்ததும் அத்தை, "எண்ணெய்ச் சட்டியில் வடை எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது" என்றார். அவர் ஹாஸ்யம் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது.

தோணியிலிருந்து எழும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். உடம்பெல்லாம் வழுக்கல், தலையில் லேசான கிறுகிறுப்பு. இருவர் பிடித்துக்கொண்டே இறக்கினார்கள். பயற்றம் மாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். தலை துவட்டியதும் உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடி, சளி பிடிக்காமலிருக்க. அன்றைக்குக் காற்றாட நிற்கக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது. மற்றதையெல்லாம் அத்தை சகித்துக்கொண்டார். பகல் தூக்கத்தை விடுவதுதான் பெரும் பாடாயிற்று. பழைய வார இதழ்களின் தொடர்கதைகளைக் கட்டுக் கட்டாகப் படித்துக் காட்டி விழிக்கவைத்தேன். ஐந்தாம் நாள் தோள் வலி முன்னைவிட அதிகமானது. பயந்துபோய் வைத்தியரிடம் ஓடினோம். இரண்டொரு நாள் அசதியும் வலியும் சகஜம் என்று சொல்லி அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

எட்டாம் நாள் நடந்ததை மறக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து நீண்ட விமானப் பிரயாணம் செய்து வந்த ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், இடது கெண்டைக்கால் வலிக்கிறது, நன்றாக உருவிவிடுங்கள் என்று வந்தாள். வைத்தியர் காலைப் பார்த்தார். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தது. "எண்ணெய் தொடக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று சத்தம் போட்டாள். வைத்தியர் அசையவில்லை, தாமே கார் வரவழைத்து ஏற்றிவிட்டார். மாலையில் செய்தி வந்தது: காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதாம். அதை உருவிவிட்டால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அன்றிரவு எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. ஊரிலே யாராவது காலைப் பிடித்துவிடச் சொன்னால் நான் யோசித்ததுண்டா?

காய்ச்சல், அஜீரணம், திறந்த புண், புதிய எலும்பு முறிவு இருந்தாலும் உழிச்சல் கிடையாது, சாப்பிட்டவுடனேயும் கிடையாது. கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது.

பட்டணத்து 'ஸ்பா'க்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் நடப்பது 'ஸ்வீடிஷ் மசாஜ்'. பெயர்தான் ஸ்வீடன்; அதன் தடவல், பிசைதல்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்துப் பிரபலப்படுத்தியவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மெட்ஸ்கர் என்ற டச்சு டாக்டர்! நீங்கள் உடை மாற்றும்போது வெளியே போய்விடுவார்கள். தேய்க்கும் பாகம் தவிர மற்றதைத் துண்டால் மூடிவைப்பார்கள். களைப்புக்கு அது சுகந்தான். மூட்டு இறுகியவர்கள் மட்டும் வைத்தியரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கடைசி நான்கு நாள் ஞவரக்கிழி. அறுபது நாளில் விளையும் ஞவர அரிசியைக் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்து, மூட்டை கட்டி, சுடச்சுட ஒற்றுகிறார்கள். பாயச வாசனை அறையெல்லாம் மணக்கும். "எனக்கு விலக்கிய பாயசத்தை இப்படியாவது அனுபவிக்கிறேன்" என்றார் அத்தை. கிழி முடிந்த கையோடு, அந்த இளக்கம் இருக்கும்போதே, டாக்டர் சொன்ன அப்பியாசத்தையும் செய்யவைத்தார்கள்.

எதனால் குணம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தைலமா, அப்பியாசமா, அல்லது நாளாக ஆக இளகும் என்று டாக்டர் சொன்னாரே, அதுவா? வைத்தியரும் பிரமாதமாக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. "இன்னும் மூன்று மாதம் அப்பியாசம் செய்யுங்கள்" என்றார், அவ்வளவுதான். கை இன்னும் முழுசாக மேலே எழும்பவில்லை.

புறப்படுகிற அன்று காலை நான் சீப்போடு போனபோது, அத்தை கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால். கொண்டை போட்டு முடித்துவிட்டு, "சரியாயிருக்கிறதா, பார்" என்றார்.

கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.