கேரித் தீவும் ‘ஓரளவு முக்கிய’மும்

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் வடக்கு, தெற்கு, மேற்குத் துறைமுகங்கள் இருக்கின்றன. அடுத்தது கேரித் தீவில் அமையலாம் என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே உண்டு. கடலின் ஆழம், செலவு, சதுப்புநிலக் காடு, அங்கே வாழும் மா மெரி பூர்வகுடிகள்: எதற்கு எவ்வளவு எடை?

இதை முடிவு செய்யும் குழுவில் யாரும் ஒன்றின் எடையை ‘6.3’ என்று நினைப்பதில்லை. ‘ஓரளவு முக்கியம்’ என்றே நினைக்கிறார்கள். லோட்ஃபி ஸாதே 1965இல் முன்வைத்த தெளிவற்ற கணக் கோட்பாடு அதை அப்படியே ஏற்கிறது. 1 முதல் 9 வரையான அளவுகோலில் அதை 4 முதல் 6 வரை பரவ விடலாம். 5இல் முழுப் பொருத்தம், ஓரம் நெருங்க நெருங்கக் குறையும்.

ஏன் இந்தச் சிரமம்? ஒருவர் 9, மற்றவர் 1 என்றால் சராசரி 5. இருவருமே 5 என்றாலும் அதே 5தான். சராசரி பிணக்கை மறைத்துவிடுகிறது. வீச்சுகளாக வைத்தால் 7–9, 1–3 இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது தெரியும். இன்னும் பேச வேண்டிய இடம் அதுதான். அந்தப் பேச்சில் மா மெரி மக்களும் இருந்தாக வேண்டும்.