அன்னெக்சின் ஏ5 மரபணு: அமைப்பு, பணி, பெயரீடு

1. முன்னுரை

ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை ஒருங்கே தொகுத்துரைப்பது நிகண்டுகளின் மரபு. செய்யுளுக்கு வளம் சேர்க்கும் இப்பன்மை, அறிவியல் எழுத்தில் மயக்கத்திற்கு இடமளிப்பதும் உண்டு. கால்சியத்தின் துணையுடன் செல்சவ்வில் ஒட்டும் அன்னெக்சின் ஏ5 என்னும் மனிதப் புரதமும், அதனை ஆக்கும் மரபணுவும் இதற்குத் தக்க சான்றாகும். அம்மரபணுவின் அமைப்பையும் பணியையும் விளக்கி, அவற்றைத் தமிழில் பெயர்ப்போர் கருத வேண்டியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. பெயர் வரலாறு

1980களில் இப்புரதம் பல ஆய்வகங்களில் தனித்தனியே கண்டறியப்பட்டது. தொப்புள்கொடித் தமனியிலிருந்து பிரித்தெடுத்தோர் அதனைக் குருதிநாள உறைவெதிர்ப்பொருள் என்றனர். நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தோர் நஞ்சுக்கொடி உறைவெதிர்ப்புப் புரதம் என்றனர். லிப்போகார்ட்டின் 5, எண்டோனெக்சின் 2, கால்போபைண்டின் 1 என்பனவும் அதன் பெயர்களே. உறுப்பை நோக்கியவர் உறுப்பாலும், செயலை நோக்கியவர் செயலாலும் பெயரிட்டனர்.

1990இல் கிரம்ப்டன், டெட்மன் ஆகிய இருவரும் நேச்சர் இதழில் இச்சிக்கலைச் சுட்டி, இக்குடும்பம் முழுவதற்கும் அன்னெக்சின் என்னும் பொதுப்பெயரை முன்மொழிந்தனர். 'இணைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியைச் சார்ந்தது அச்சொல். சவ்வுடன் இணைதல் இக்குடும்பத்தார் அனைவர்க்கும் பொதுவாதலின் அப்பெயர் நிலைத்தது. பின்னர் ரோமன் எண்கள் நீக்கப்பட்டு, முதுகெலும்பிகளின் அன்னெக்சின்கள் 'ஏ' என்னும் எழுத்தாலும், தாவரங்களின் அன்னெக்சின்கள் 'டி' என்னும் எழுத்தாலும் குறிக்கப்படலாயின. மனிதரில் ஏ1 முதல் ஏ11 வரையும், ஏ13உம் ஆகப் பன்னிரண்டு உள்ளன; ஏ12 என்னும் எண் ஒதுக்கப்படாமல் விடப்பட்டுள்ளது.

3. மரபணுவின் அமைப்பு

ஏ5 மரபணு நான்காம் குரோமோசோமின் நீள்கரத்தில் அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 29,000 கார இணைகள். இதில் 13 எக்சான்களும், அவற்றை இடையிட்டுப் பிரிக்கும் 12 இன்ட்ரான்களும் உள்ளன. படியெடுப்புக்குப் பின் இன்ட்ரான்கள் வெட்டி நீக்கப்பட, எக்சான்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. எனினும் எக்சான் அனைத்தும் புரதமாவதில்லை. இம்மரபணுவின் முதல் எக்சான் புரதச் செய்தி எதனையும் தாங்கவில்லை. ஆதலின் எக்சானைப் 'புரதமாகும் பகுதி' எனப் பெயர்ப்பது முற்றும் பொருந்தாது.

4. புரதத்தின் அமைப்பும் பணியும்

இம்மரபணு ஏறத்தாழ 320 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தை ஆக்குகிறது. அதில் ஏறத்தாழ 70 அமினோ அமிலங்கள் கொண்ட கூறு, சிற்சில மாற்றங்களுடன், நான்கு முறை மீள வருகிறது. 1990இல் ஹூபர் குழுவினர் எக்ஸ்-கதிர்ப் படிகமுறையால் இதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டனர். சற்றே வளைந்த தட்டுப் போன்ற அவ்வடிவத்தின் குவிபுறத்தில் கால்சியம் அமரும் இடங்கள் உள்ளன. கால்சியம் அயனிகள் அங்கு அமர்ந்து, புரதத்திற்கும் சவ்வின் பாஸ்போலிப்பிடுகளுக்கும் பாலமாகின்றன. கால்சியம் அகன்றால் பிணைப்பும் நெகிழும்.

பாஸ்பாட்டிடைல்செரின் என்னும் கொழுப்பு, நலமுள்ள செல்லில் சவ்வின் உட்புறத்தே நிற்கும். செல் தன்னழிவுக்கு ஆட்படும்போது வெளிப்புறம் தோன்றும். ஒளிரும் சாயமேற்றிய ஏ5 அதன்மீது ஒட்டுவதால், 1990களின் நடுப்பகுதி முதல் இப்புரதம் செல் தன்னழிவைக் கண்டறியும் கருவியாகப் பயன்படுகிறது. அக்கொழுப்பின்மீது ஏ5 மூலக்கூறுகள் வலைபோல் அணிவகுத்து மூடுவதால் குருதியுறைவுக் காரணிகள் அங்கு அணுகுவது தடைப்படுகிறது. பழைய 'உறைவெதிர்ப்பு'ப் பெயர்கள் இச்செயலைச் சுட்டியவை. கிழிந்த சவ்வு சீராவதிலும் இப்புரதத்திற்குப் பங்குண்டு.

5. மொழிபெயர்ப்பில் கருதத்தக்கவை

முதலாவது, பழைய பெயர்கள் ஐந்தையும் ஐந்து புரதங்களாகக் காட்டுதல் பிழை. மூலப்பெயரைக் காத்து, இன்றைய பெயரை உடன் தருதல் நன்று.

இரண்டாவது, உரோமன் எழுத்தில் மனித மரபணுவின் குறியீடு சாய்வெழுத்திலும் புரதத்தின் குறியீடு நேரெழுத்திலும் அச்சாகின்றன. அவ்வேறுபாடு தமிழ் அச்சில் பெரும்பாலும் மறைந்துவிடுவதால் 'மரபணு', 'புரதம்' என்னும் சொற்களை வெளிப்படையாகச் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, கருச்சிதைவு பற்றிய செய்திகளில் கூடுதல் கவனம் தேவை. இம்மரபணுவின் படியெடுப்பைத் தூண்டும் தொடக்கப் பகுதியில் காணப்படும் எம்2 என்னும் மாற்றத்தொகுதி, மீண்டும் மீண்டும் நிகழும் கருச்சிதைவோடு தொடர்புடையதென 2007இல் ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருபடித்தாக இல்லை. அம்மாற்றம் புரதத்தின் வடிவத்தைத் திரிப்பதன்று. ஆக்கப்படும் அளவைக் குறைப்பது. இதனைப் 'பழுதுற்ற புரதம்' எனப் பெயர்ப்பது பொருட்பிழை. 'தொடர்பு' என்பதைக் 'காரணம்' எனப் பெயர்ப்பது அதனினும் பெரும்பிழை. கருவிழந்த பெண் ஒருவர் அம்மொழிபெயர்ப்பைப் படிக்க நேரின், தம் உடலே குற்றமுடையதென முடிவு செய்யக்கூடும்.

6. முடிவுரை

'இணைப்பி' போன்ற தமிழாக்கம் பொருளளவில் ஏற்புடையதாயினும், ஏனைய இணைப்புப் புரதங்களினின்று இதனைப் பிரித்துக் காட்டாது. எனவே அன்னெக்சின் என ஒலிபெயர்த்து, முதலிடத்தில் மட்டும் 'கால்சியம் சார்ந்து சவ்வில் ஒட்டும் புரதம்' என விளக்கம் தருவதே தகும். பல பெயர்களால் சிதறிய ஒரு பொருளை அறிவியல் அரிதின் முயன்று ஒரு பெயரின்கீழ்க் கொணர்ந்தது. அவ்வொருமையை மொழிபெயர்ப்பும் காத்தல் வேண்டும்.