பந்தைத் தவறவிடும் பையன்

கோத்தகிரிப் பக்கம் பள்ளி மைதானம் என்பது பெரும்பாலும் மலையை வெட்டிச் சமன்செய்த ஒரு துண்டு நிலம்தான். பந்தைத் தவறவிட்டால் அது தேயிலைக்குள் இறங்கிவிடும். எடுத்துவர ஓடுபவன் தவறவிட்டவனே. அவன் ‘வாலு’ என்று பெயரெடுத்தவனாகவும் இருந்துவிட்டால் திட்டு வேறு.

ஓயாமல் ஓடும் பிள்ளை விளையாட்டில் கெட்டியாக இருப்பான் என்றே நினைக்கிறோம். ஆனால் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு) உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர்வரை பந்து பிடிக்க, கயிறு தாண்ட, ஒற்றைக்காலில் நிற்கத் தடுமாறுகிறார்கள். கவனம் சிதறுவது ஒரு காரணம். அசைவுகளை நேரத்தோடு ஒருங்கிணைக்கும் சிறுமூளையின் செயல்பாட்டில் உள்ள வேறுபாட்டையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்.

மலைக்குக் கீழே கோவை மாவட்டத் தொடக்கப்பள்ளிகளில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு, 11.32 சதவீதக் குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னது. அதிகமாகத் தோன்றுகிறதா? பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் 40 பேர் வகுப்பில் இரண்டு பேர்.

பி.டி. மாஸ்டர் என்ன செய்யலாம்? நான்கு கட்டளைகளை மூச்சுவிடாமல் சொல்லாமல், ஒன்றைச் செய்துகாட்டி, செய்யவைத்து, பிறகு அடுத்ததற்குப் போகலாம். நீண்ட வரிசையில் காக்கவைக்க வேண்டாம். பழைய சாக்ஸில் துணி அடைத்த பந்து சரிவில் அவ்வளவாக உருளாது; கையில் வலிக்கவும் செய்யாது. ‘அவுட்’ ஆனவர் உட்காரும் ஆட்டங்கள்தான் எனக்குப் பிடிக்காதவை: பயிற்சி அதிகம் வேண்டியவன் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுகிறான். பாண்டி ஆட்டம் அப்படியல்ல. அடுத்த கால் எங்கே என்று தரையில் போட்ட கட்டமே சொல்லிவிடும். எதையும் மனதில் பிடித்துவைக்க வேண்டியதில்லை. மூடுபனி இறங்கினால் வராந்தாவிலும் கட்டம் போடலாம்.

வீட்டுப்பாடம் எழுதாததற்கு பி.டி. பீரியடைப் பிடுங்குவது மோசமான தண்டனை. அமெரிக்காவில் பெட்சி ஹோசா குழுவின் 2015 ஆய்வில், பள்ளி தொடங்குமுன் தினமும் அரைமணி நேரம் ஓடியாடிய சிறுவர்களிடம் கவனக்குறைவு தணிந்தது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனிப்பெயராக இல்லை. பட்டியலைப் பார்த்து இந்தப் பிள்ளைகளை யாரும் தேடிவர மாட்டார்கள்; தடுமாற்றத்தை முதலில் கவனிக்கக்கூடியவர் மாஸ்டர்தான். நோய்க்குப் பெயர்வைப்பது அவர் வேலையல்ல. ஆனால் பையனுக்கு எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒரு மாதம் எழுதிவைத்த நோட்டை மருத்துவரிடம் போகும் பெற்றோர் கையில் அவர் கொடுத்தனுப்பலாம்.