கொட்டகையில் பிறந்த வானொலி

இரவு ஒன்பது மணிக்கு மேல் வானொலிப் பெட்டியில் மத்திய அலை வரிசையின் முள்ளை மெல்ல நகர்த்திப் பாருங்கள். பகலில் வெறும் இரைச்சலாக இருந்த இடங்களில் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் ஒலிக்கக் காண்பீர்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கே.டி.கே.ஏ. என்னும் நிலையமும் இப்படித்தான் இரவில் பல மாநிலங்களைத் தாண்டிக் கேட்கிறது. 1920இல் தொடங்கிய இந்நிலையம் இன்று செய்தியும் பேச்சுமாக நடைபெறுகிறது.

இதன் மூலவர் பிராங்க் கான்ராடு. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, 16 வயதில் வெஸ்டிங்ஹவுஸ் மின்பொருள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னர் பெரிய பொறியாளராக உயர்ந்தவர். வில்கின்ஸ்பர்க்கில் தம் வீட்டுக் கார் கொட்டகையின் மாடியில் ஒரு பரப்பி அமைத்திருந்தார். பேசிப் பேசிச் சலித்ததாலோ என்னவோ, மைக்ரோபோன் முன் கிராமபோனை வைத்து இசைத்தட்டுகளைப் போடலானார். சுற்றுவட்டாரத்தில் வானொலி ஆர்வலர்கள் கேட்டு மகிழ்ந்தனர். 1920 செப்டம்பரில் ஒரு கடை இந்த இசையைக் குறிப்பிட்டு, '10 டாலர் முதல் வாங்கிகள் கிடைக்கும்' என்று விளம்பரம் செய்தது. அதைக் கண்டார் வெஸ்டிங்ஹவுஸ் துணைத்தலைவர் டேவிஸ். நாள்தோறும் நிகழ்ச்சி தந்தால் வாங்கிகள் விற்குமே! வானொலி நிலையம் பிறந்த காரணம் இதுதான்: பெட்டி விற்க வேண்டும்.

1920 நவம்பர் 2. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். தொழிற்சாலைக் கட்டிடத்தின் கூரைமேல் ஒரு சிறு குடில், 100 வாட் பரப்பி. செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வந்த முடிவுகளை அறிவிப்பாளர் படித்தார். 'இதைக் கேட்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்' என்றும் வேண்டிக்கொண்டார். கான்ராடு அங்கே இல்லை. கருவி பழுதானால் தம் பரப்பியை இயக்குவதற்காகக் கொட்டகையில் காத்திருந்தார். ஹார்டிங் வென்ற செய்தி மறுநாள் செய்தித்தாள் வருமுன்பே மக்களுக்குத் தெரிந்துவிட்டது. இதையே உலகின் முதல் வானொலி நிலையம் என்பாரும் உளர். டெட்ராய்ட்டில் ஒரு நிலையம் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே ஒலிபரப்பத் தொடங்கியது. ஆகவே அந்தப் பட்டத்தைச் சற்று எச்சரிக்கையுடன் ஏற்பதே நல்லது.

1921இல் ஒரு வேடிக்கை. அறைக்குள் இசைத்தால் சுவர்களில் எதிரொலி எழுந்து ஒலி குழம்பிற்று. எனவே கூரைமேல் கூடாரம் அடித்து அதற்குள் இசைத்தனர், ஒலி தெளிவாயிற்று! துணி ஒலியை உறிஞ்சியதே காரணம். கூடாரத்தைக் காற்று பெயர்த்த பிறகு, அறைக்குள்ளேயே துணிகளைத் தொங்கவிட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 5இல் ஹெரால்டு ஆர்லின் பேஸ்பால் ஆட்டத்தை இந்நிலையத்தில் நேர்முகமாக வருணித்தார்.

இப்போது இரவுக் கேள்விக்கு வருவோம். கே.டி.கே.ஏ.யின் அதிர்வெண் 1020 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 294 மீட்டர். ஆற்றல் இன்று 50,000 வாட். பகலில் சூரியக் கதிர்கள் அயனிமண்டலத்தின் கீழடுக்கை உருவாக்குகின்றன. மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை அது விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைகிறது. அலைகள் மேலடுக்கு வரை சென்று, வளைந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்குகின்றன.

பேச்சு நிகழ்ச்சிக்கு வருவோம். 1951 முதல் 1971 வரை எட் கிங், வெண்டி கிங் தம்பதியர் 'பார்ட்டி லைன்' என்னும் நிகழ்ச்சியை நடத்தினர். நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். ஆனால் அவர்கள் குரல் வானொலியில் கேட்காது! அழைத்தவர் கூறியதை எட் கிங் திருப்பிச் சொல்வார். மற்றவர்கள் பாதி உரையாடலைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் நேயர் குரலையே ஒலிபரப்புவது வழக்கமாயிற்று. யாராவது வசைச்சொல் கூறிவிட்டால்? அதற்கு ஓர் எளிய உபாயம் கண்டனர். பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, சில விநாடி கழித்து அதே நாடாவிலிருந்து ஒலிபரப்புவது. நாடா விநாடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது என்க. ஏழு விநாடி தாமதம் வேண்டுமானால் பதிவுமுனைக்கும் ஒலிக்கும் முனைக்கும் இடையே 133 செ.மீ. நாடா இருக்க வேண்டும். அதற்குள் பொறுப்பாளர் பொத்தானை அழுத்திவிடலாம். இன்று நாடாவின் வேலையை நினைவகச் சில்லு செய்கிறது. அழைப்பவரிடம் 'உங்கள் வானொலியின் ஒலியைக் குறையுங்கள்' என்பதும் இதனால்தான். தம் குரலே ஏழு விநாடி பிந்திக் காதில் விழுந்தால் எவருக்கும் நாக்கு தடுமாறும்.

இசை பண்பலைக்குப் போய்விட, 1990களின் தொடக்கத்தில் கே.டி.கே.ஏ. பேச்சையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டது. இன்று மத்திய அலைக்குப் புதிய இடையூறு மின்சாரக் கார். அதன் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்துகின்றன. அதனால் எழும் இரைச்சல் மத்திய அலை வரிசையில் விழுகிறது. மின்கம்பிகளுக்குக் கவசம் இட்டால் இதைக் குறைக்கலாம், ஆனால் செலவாகும். சில நிறுவனத்தார் மின்சாரக் கார்களிலிருந்து மத்திய அலை வாங்கியையே எடுத்துவிட்டனர். புயலில் செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தாலும், தொலைவில் உள்ள ஒரே கோபுரத்திலிருந்து எச்சரிக்கை வந்து சேருமே என்பது எதிர்ப்போர் வாதம். அமெரிக்க நாடாளுமன்றம் வரை இந்த வழக்குப் போயிருக்கிறது.