மரக்கட்டையில் பாய்ந்த சிங்கம்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், தவசியைப் போலவே கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் பூனையையும், அதன் காலடியில் குழுமியிருக்கும் எலிகளையும் கண்டவர்கள், மனிதனின் வேஷத்தை விலங்கின் உருவில் வைத்துப் பரிகசிக்கும் கலை நமக்குப் புதியதன்று என்பதை உணர்வார்கள். சமயநல்லூர்த் திண்ணைகளில் பாட்டிமார் சொல்லும் நரிக்கதைகளும் அந்த மரபின் கிளைகளே. ஆயினும், கல்லிலும் நாவிலும் வாழ்ந்த அப்பரிகாசம் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான காகிதங்களில் பரவும் சக்தியைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. அதற்குத் துணைநின்றது மரச்செதுக்குக் கலை.

முற்காலத்துச் சித்திரக்காரர்கள் பலகையின் நீளவாட்டில் கத்தியால் வெட்டினார்கள். நாரோட்டத்தில் கோடு பிளந்துபோகுமாதலால் நுட்பமான வேலைக்கு அது இடங்கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துத் தாமஸ் பெவிக், இறுகிய பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாக்கிய அம்முகத்தில் உலோகம் செதுக்குவோரின் எஃகு உளியைச் செலுத்தி, விலங்கின் உரோமத்தையும் பறவையின் இறகையும் தனித்தனியே காட்டினார். நாற்கால் பிராணிகளைப் பற்றிய அவருடைய நூல் 1790-இல் வெளிவந்தது. உளி தோண்டிய இடம் காகிதத்தில் வெளுக்கும். மேடாக நின்ற இடமே மையை ஏற்கும். கட்டையின் உயரம் அச்செழுத்தின் உயரத்துக்குச் சமமாகையால் இரண்டையும் ஒன்றாகப் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிட முடிந்தது. செப்புத்தகட்டுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. பாக்ஸ் மரம் பருக்காது. ஆதலால் பெரிய படத்துக்குப் பல துண்டுகளைத் திருகாணியால் இணைத்து, அவற்றைப் பிரித்துப் பலரிடம் கொடுத்துச் செதுக்கச் செய்து, மீண்டும் ஒன்றாக்கினார்கள்.

பிரான்ஸில் கிராண்ட்வில், சட்டையும் தொப்பியும் அணிந்த மிருகங்களைக் கொண்டு தம் காலத்துச் சமூகத்தையே படம் பிடித்தார். லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் 1857 ஆகஸ்டில் ஜான் டெனியல் வரைந்த சித்திரமோ, வங்கப் புலியின் மீது பாயும் பிரிட்டிஷ் சிங்கம். கோட்டின் வலிமையை வியக்காமல் இருக்க முடியாது. அவ்வாண்டு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மூண்ட நம் நாட்டாரின் எழுச்சியைக் கொடிய மிருகமாக்கி, பழிதீர்க்கும் வெறியை வீரமாக்கிய அந்த நோக்கத்தை மன்னிக்கவும் முடியாது. விலங்குச் சித்திரம் வலியவன் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நல்லவேளையாக, அந்த ஆயுதம் ஒருவர் கையிலேயே தங்கிவிடவில்லை. கல்கத்தாவின் பட்டலா வீதிகளில் மலிவான மரக்கட்டைப் படங்கள் விற்பனையாயின. நெற்றியில் வைணவத் திலகமும் வாயில் இறாலும் கொண்ட, அந்நகரத்துக் காளிகாட் ஓவியப் பூனை, மாமல்லபுரத்துப் பூனைக்கு உடன்பிறப்பென்றே சொல்லத்தகும். லக்னௌவில் 1877-இல் 'அவத் பஞ்ச்' என்னும் பரிகாசப் பத்திரிகை தோன்றியது. சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியிலும் செதுக்குவேலை கற்பிக்கப்பட்டது.

தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிகோலியவர் பாரதியார். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ் போதித்த அவர், 1906-இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் சித்திரங்களை வெளியிடலானார். 1908-இல் பத்திரிகை புதுச்சேரிக்குப் பெயர்ந்த பின்னரும் அவை நிற்கவில்லை. அதற்குள் உலகெங்கும் மரச்செதுக்கரின் உளியை அகற்றிவிட்டு, புகைப்பட முறையில் செய்த துத்தநாக பிளாக்குகள் அச்சகங்களில் இடம்பிடித்துவிட்டன.