புரியாத படமும் சிறுவாட்டுப் பணமும்

"இது என்னங்க, ஒண்ணுமே புரியலையே!" நவீன ஓவியத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் சொல்வது இதுதான். கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் ஜாதகக் கட்டம் போலிருக்கும். எழுத்தைப் படிக்க முடியாது. படிக்கவும் வேண்டாம். வாசல் கோலத்துக்கு அர்த்தமா கேட்கிறோம்? கோடும் நிறமும் ரசிக்கிறோம். அதே கண்ணோடு பாருங்கள்.

வாங்க ஆசையா? பணிக்கர் முயற்சியில் 1966-ல் சென்னை அருகே உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். பாத்திக் துணி விற்றுப் பிழைத்துக்கொண்டே ஓவியர்கள் வளர்த்த இடம் அது.

சிறுவாட்டுப் பணம்தான் இருக்கிறதா? அச்சு ஓவியம் கேளுங்கள். ஓரத்தில் 5/25 என்றிருந்தால், 25 பிரதிகளில் ஐந்தாவது. கையெழுத்தைப் பார்த்து, ரசீது வாங்குங்கள். ஈரச் சுவரிலும் வெயிலிலும் மாட்டாதீர்கள். விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். தினமும் பார்க்கப் பிடிக்குமா? அப்போது வாங்குங்கள்!